28 சாதனங்கள், ஐந்து இயங்குதளங்கள்: சின்ன அலுவலகத்துக்கு எந்த நிர்வாக மென்பொருள் பொருந்தும்?

போன கார்த்திகையில் எங்கள் அலுவலக வடிவமைப்பாளர் ஒருவர், பொள்ளாச்சியிலிருந்து வந்த பேருந்தில் லேப்டாப் பையை மறந்து வைத்துவிட்டு உக்கடத்தில் இறங்கிவிட்டார். பை கிடைக்கவே இல்லை. அன்று சாயங்காலம் மேடம் என்னைக் கூப்பிட்டு மூன்று கேள்விகள் கேட்டார். உள்ளே என்ன இருந்தது? எடுத்தவர் திறந்து பார்க்க முடியுமா? இங்கிருந்தே அதை அழித்துவிட முடியுமா?

முதல் கேள்விக்குப் பதில் தெரிந்தது. ஆறு வீடுகளின் வரைபடங்கள், வீட்டுக்காரர்களின் ஆதார் நகல்கள், இரண்டு பேரின் வங்கிக் கடன் காகிதங்கள். இரண்டாவதுக்கும் தெரிந்தது, ஆனால் சொல்லக் கஷ்டமாக இருந்தது. வட்டு என்க்ரிப்ட் செய்யப்படவில்லை, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்படவில்லை. பாஸ்வேர்ட் இருந்தாலும் வட்டைக் கழற்றி வேறு கணினியில் போட்டால் எல்லாம் தெரியும். மூன்றாவதுக்கு, முடியாது என்பதே பதில்.

கோவையில் 21 பேர் வேலை செய்யும் கட்டட வடிவமைப்பு அலுவலகம் இது. சிஸ்டம் பார்ப்பது நான் ஒருவன்தான், அதுவும் வாரத்தில் பாதி நேரம். அந்த நாளுக்குப் பிறகு இரண்டு மாதம் சாதன நிர்வாக மென்பொருள்களை (அலுவலகக் கணினி, போன் எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து கவனிக்க உதவுபவை) வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். எங்களைப் போல எல்லா வகைச் சாதனமும் கலந்து கிடக்கும் அலுவலகங்களுக்கு இது பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

நாங்கள் கேட்டது நான்கே விஷயம். வட்டு என்க்ரிப்ட் ஆகி, அதன் ரெக்கவரி கீ (வட்டின் பூட்டைத் திறக்கும் மாற்றுச் சாவி) அலுவலகத்தின் கையில் இருக்க வேண்டும். தொலைந்தால் பூட்டவோ அழிக்கவோ முடிய வேண்டும். அப்டேட்டுகள் தள்ளிப்போகாமல் ஏற வேண்டும். புதிதாக ஒருவர் சேர்ந்தால் மென்பொருள்களை ஒவ்வொன்றாக நான் உட்கார்ந்து ஏற்றக் கூடாது. இந்த நான்கையும் எழுதி மேசையில் ஒட்டி வைத்தது பெரிய உதவி. விற்பனைப் பிரதிநிதி முந்நூறு வசதிகளை அடுக்கும்போது அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் எண்ணிப் பார்த்தோம்

விண்டோஸ் கணினி 11, மேக் 7, உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) 2, ஐபேட் 2, அலுவலக ஆண்ட்ராய்டு போன் 6. மொத்தம் 28. இந்தக் கலப்பு யாருடைய பிடிவாதத்தாலும் வந்ததில்லை. கட்டட வரைபட மென்பொருளான ரெவிட் விண்டோஸில் மட்டும்தான் ஓடும், கணக்குப் பிரிவின் டேலியும் அப்படித்தான். வாடிக்கையாளருக்குப் படம் தயாரித்துக் காட்டும் குழு ஆரம்பத்திலிருந்தே மேக்கில் வேலை செய்கிறது. மதிப்பீட்டுக் கணக்குக்காக நாங்களே ஒரு செயலி எழுதுகிறோம், அந்த இரண்டு பையன்களுக்கும் உபுண்டு. சைட் சூப்பர்வைசர்களுக்கு ஆண்ட்ராய்டு போன், சைட்டில் வரைபடம் பார்க்க ஐபேட். 'எல்லாரையும் ஒரே தளத்துக்கு மாற்றிவிடுங்கள்' என்று எங்களிடம் ஒரு பிரதிநிதி சொன்னார். அவருக்கு எங்கள் வேலை தெரியாது.

எண்ணும்போதே இரண்டு சிக்கல்கள் தெரிந்தன. விண்டோஸ் லேப்டாப்புகளில் நான்கு ஹோம் பதிப்பு. கடையில் ஆஃபரில் வாங்கும் லேப்டாப் பெரும்பாலும் ஹோமாகத்தான் வரும். அதை மைக்ரோசாஃப்டின் அலுவலகக் கணக்குச் சேவையான என்ட்ராவில் அலுவலகக் கணினியாக இணைக்க முடியாது, நிர்வாகக் கொள்கைகளில் பெரும்பாலானவையும் அதில் செல்லாது. எந்த மென்பொருள் வாங்கினாலும் முதல் செலவு அந்த நான்கையும் ப்ரோவுக்கு உயர்த்துவதுதான். இரண்டாவது, பழைய டெஸ்க்டாப் இரண்டு இன்னும் விண்டோஸ் 10-இல் இருந்தன. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாததால் விண்டோஸ் 11-க்கும் ஏற்ற முடியாது. பாதுகாப்பு அப்டேட்டே வராத பெட்டியை எந்த நிர்வாக மென்பொருளாலும் காப்பாற்ற முடியாது என்பதால் அவற்றை மாற்றச் சொல்லிவிட்டேன்.

பெயர் வேறு, உள்ளே ஓடும் வழி ஒன்று

ஒப்பிடத் தொடங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். எந்த நிறுவனத்தின் மென்பொருளை வாங்கினாலும், அது ஐபேடைப் பூட்டுவது ஆப்பிள் திறந்துவிட்டிருக்கும் வழியில்தான். 2010-இல் ஐஓஎஸ் 4-உடன் அந்த வழி வந்தது, அடுத்த ஆண்டு லயன் பதிப்பில் மேக்குக்கும் வந்தது. ஆண்ட்ராய்டில் அலுவலகத்தையும் சொந்தத்தையும் பிரிக்கும் வொர்க் ப்ரொஃபைல் 2014-இல் ஆண்ட்ராய்டு 5-இல் வந்தது. விண்டோஸிலும் இப்படி ஒரு வழியை மைக்ரோசாஃப்டே வைத்திருக்கிறது. மென்பொருள் விற்கும் எல்லாரும் இதே வாசல்கள் வழியாகத்தான் உள்ளே போகிறார்கள். அதனால் விளம்பரத்தில் தெரியும் வித்தியாசத்தில் பெரும்பகுதி, அன்றாட வேலையில் தெரியாது. தெரியும் வித்தியாசங்கள் வேறு. யார் எந்தத் தளத்தை அரைகுறையாக விட்டிருக்கிறார்கள், விலையை ஆளுக்குக் கணக்கிடுகிறார்களா சாதனத்துக்கா, நாளைக்கு வெளியேற நினைத்தால் எவ்வளவு கஷ்டம்.

இன்னொன்றும் இதிலிருந்து வருகிறது. மென்பொருளைவிட, அதற்குக் கீழே இருக்கும் கணக்குகள் முக்கியம். ஆப்பிள் சாதனங்களை நிர்வகிக்க ஆப்பிளிடமிருந்து ஒரு புஷ் சான்றிதழ் வாங்க வேண்டும், சாதனங்களோடு தொடர்புகொள்ள அதுதான் அனுமதி. காசு கிடையாது, ஆனால் ஓர் ஆண்டுதான் செல்லும். எந்த ஆப்பிள் கணக்கில் வாங்கினோமோ அதே கணக்கில் புதுப்பிக்க வேண்டும். புதுச் சான்றிதழ் வாங்கினால் பழைய சாதனங்கள் எல்லாம் தொடர்பு அறுந்துவிடும், ஒவ்வொன்றையும் மறுபடி இணைக்க வேண்டும்.

நான் முன்பு உதவிக்குப் போன ஓர் அலுவலகத்தில் அதை வாங்கியவர் தன் சொந்த ஆப்பிள் கணக்கில் வாங்கியிருந்தார். அவர் வேலையை விட்டு வெளிநாடு போய்விட்டார், பழைய போன் எண்ணும் இல்லை. சான்றிதழ் காலாவதியான பிறகுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது. பதினான்கு ஐபேடுகளை நானும் இன்னொருவரும் இரண்டு நாள் உட்கார்ந்து மறுபடி இணைத்தோம். அவர் வேண்டுமென்று செய்ததில்லை, அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அன்றிலிருந்து எங்கே போனாலும் முதல் வேலையாக அலுவலகப் பெயரில் ஒரு பொது மெயில் முகவரி உருவாக்கி, ஆப்பிள் கணக்கு, கூகுள் பிளேயை இணைக்கும் கணக்கு எல்லாவற்றையும் அதில்தான் தொடங்குகிறேன். காலாவதி தேதி மூன்று பேரின் காலண்டரில் இருக்கும்.

அலுவலகத்தின் ஆப்பிள் சாதனங்களைப் பதிவு செய்யும் தளமான ஆப்பிள் பிசினஸ் மேனேஜரும் அப்படித்தான். கணக்கு இலவசம், ஆனால் நிறுவனத்துக்கு டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட்டின் டியுஎன்எஸ் எண் (நிறுவன அடையாள எண்) வேண்டும், ஆப்பிள் சரிபார்த்துத்தான் திறந்துவிடும். இதை முதல் வாரமே தொடங்கிவிடுங்கள், நீங்கள் நினைப்பதைவிட நாளாகும். இதில் சேர்ந்த மேக்கை யாராவது முழுக்க அழித்து மறுபடி தொடங்கினாலும் அது நேராக அலுவலக நிர்வாகத்துக்குள்தான் வரும். ஆனால் அப்படித் தானாகச் சேர, ஆப்பிளிடமோ அங்கீகாரம் பெற்ற ரீசெல்லரிடமோ அலுவலகப் பெயரில் வாங்கியிருக்க வேண்டும். எங்கள் ஏழு மேக்குகளில் மூன்று ஆன்லைன் தள்ளுபடியில் வாங்கியவை. அவற்றை ஐபோனில் ஓடும் ஆப்பிள் கான்ஃபிகரேட்டர் செயலியால் சேர்க்கலாம், ஆனால் முழுக்க அழித்துவிட்டுத்தான் சேர்க்க முடியும். சேர்த்த பிறகும் 30 நாள் வரை பயன்படுத்துபவர் நிர்வாகத்திலிருந்து விலகிக்கொள்ள முடியும். தள்ளுபடியில் மிச்சமான பணத்துக்கு மூன்று சனிக்கிழமை போனது.

இன்ட்யூன்

மைக்ரோசாஃப்டின் இன்ட்யூன்தான் எல்லாரும் முதலில் சொல்லும் பெயர். உங்கள் அலுவலக மெயில் ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட் 365-இல் இருந்தால், நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை என்றுதான் சொல்வேன். 300 பேர் வரையான நிறுவனங்களுக்கான பிசினஸ் பிரீமியம் திட்டத்தில் இன்ட்யூன் சேர்ந்தே வருகிறது, கூடவே டிஃபெண்டர் என்ற பாதுகாப்பு மென்பொருளும் உண்டு. அமெரிக்க விலைப்பட்டியலில் ஆளுக்கு மாதம் 22 டாலர். ஏற்கெனவே பிசினஸ் ஸ்டாண்டர்ட் கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இடையிலுள்ள வித்தியாசம் மட்டும்தான் கூடுதல் செலவு.

அதில் என்னை மிகவும் கவர்ந்தது கண்டிஷனல் ஆக்சஸ். என்க்ரிப்ட் ஆகாத, அப்டேட் ஆகாத கணினியிலிருந்து அலுவலக மெயிலே திறக்காது. யாரிடமும் போய் 'தயவுசெய்து அப்டேட் போடுங்கள்' என்று கெஞ்ச வேண்டியதில்லை. விண்டோஸில் இன்ட்யூன் மிக ஆழமாக வேலை செய்கிறது. விண்டோஸின் வட்டு என்க்ரிப்ஷனான பிட்லாக்கரின் 48 இலக்க ரெக்கவரி கீ தானாக என்ட்ராவில் போய் உட்கார்ந்துகொள்கிறது. புது லேப்டாப்பை ஊழியரின் வீட்டுக்கே நேராக அனுப்பி, அவர் மெயில் முகவரியைப் போட்டதும் எல்லாம் ஏறும்படி ஆட்டோபைலட்டில் செய்யலாம்.

குறைகளும் உண்டு. ஒரு மாற்றம் செய்துவிட்டுச் சாதனத்துக்கு எப்போது போகும் என்று காத்திருக்க வேண்டும். வழக்கமான சுற்று ஏறக்குறைய 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. அவசரத்துக்கு சிங்க் அழுத்தலாம், ஆனாலும் பழகப் பொறுமை வேண்டும். மெனுக்கள் அதிகம். வாரத்தில் பாதி நேரம் பார்க்கும் ஆளுக்கு முதல் மாதம் திணறலாக இருக்கும். லினக்ஸில் உபுண்டு, ரெட் ஹேட் இரண்டுக்கும் ஆதரவு உண்டு என்று எழுதியிருப்பார்கள். உண்மைதான், ஆனால் அது பெரும்பாலும் விதிப்படி இருக்கிறதா என்று பார்ப்பதோடும் ஸ்கிரிப்ட் ஓட்டுவதோடும் நின்றுவிடும். தொலைந்த உபுண்டு லேப்டாப்பை அழிக்க முடியாது. எனக்கு அது பெரிய ஓட்டை.

எங்களுக்கு இது பொருந்தாததற்குக் காரணம் வேறு. எங்கள் மெயில் கூகுள் வொர்க்ஸ்பேஸில் இருக்கிறது. இன்ட்யூனைத் தனியாக வாங்கினால் ஆளுக்கு மாதம் 8 டாலர், 21 பேருக்கு 168 டாலர், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. பணத்தைக்கூட விடலாம். ஒவ்வொருவருக்கும் இரண்டாவதாக ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கு, இரண்டாவது பாஸ்வேர்ட். கண்டிஷனல் ஆக்சஸ் காக்கும் கதவு மைக்ரோசாஃப்ட் பக்கம் இருக்கிறது, எங்கள் கோப்புகள் இருப்பதோ கூகுள் பக்கம். இரண்டையும் இணைக்க வழி இருக்கிறது, ஆனால் அதைக் கட்டிக் காப்பாற்றுவது என் பாதி நேரத்துக்குள் அடங்காது.

மேனேஜ்எஞ்சின்

சென்னையின் ஸோஹோ நிறுவனத்துப் பிரிவு இது. இங்கே இரண்டு பெயர்கள் குழப்பும். மொபைல் டிவைஸ் மேனேஜர் பிளஸ் என்பது போன், டேப்லெட், மேக், விண்டோஸ் ஆகியவற்றை மேலே சொன்ன அந்த வாசல்கள் வழியாக நிர்வகிப்பது. எண்ட்பாயிண்ட் சென்ட்ரல் என்பது முன்பு டெஸ்க்டாப் சென்ட்ரல் என்ற பெயரில் இருந்தது. கணினியில் ஏஜென்ட் என்ற சிறு நிரலை ஏற்றி, பேட்ச் (ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்) போடுவது, மென்பொருள் ஏற்றுவது, தூரத்திலிருந்து திரையைப் பிடித்து உதவுவது எல்லாம் செய்வது. லினக்ஸ் இதில்தான் வரும். இரண்டும் சேர்ந்த பதிப்பும் உண்டு. 25 சாதனங்கள் வரை இலவசப் பதிப்பு இருக்கிறது.

10, 15 பேர் இருக்கும் அலுவலகத்துக்கு அந்த 25 உண்மையிலேயே பெரிய வாய்ப்பு. எங்களிடம் 28. மேடம் உடனே, 'பழைய டெஸ்க்டாப் ரெண்டையும் ஒரு ஐபேடையும் எடுத்துட்டா சரியா 25 தானே?' என்று கேட்டார். கணக்கு சரிதான். ஆனால் அடுத்து சேரப்போகும் ஆள் 26-வது சாதனத்தோடு வருவார். இலவச எல்லைக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக ஒரு போனையோ லேப்டாப்பையோ கணக்கில் சேர்க்காமல் விட்டால், தொலைவது அதுவாக இருக்கலாம். இலவசத்தைச் சோதனைக்கு வைத்துக்கொண்டு, கட்டணப் பதிப்பின் விலையை வைத்து முடிவெடுங்கள்.

இதில் எனக்குப் பிடித்தது பேட்ச் போடும் பகுதி. விண்டோஸ் அப்டேட் மட்டுமில்லை, குரோம், பிடிஎஃப் ரீடர், ஜூம் போன்ற வெளி மென்பொருள்களுக்கும் அதுவே அப்டேட்டைத் தேடி எடுத்துப் போடும். விண்டோஸ், மேக், உபுண்டு மூன்றின் நிலவரத்தையும் ஒரே பட்டியலில் பார்த்தபோது எனக்குப் பெரிய நிம்மதி. சைட்டில் மாட்டிக்கொண்ட லேப்டாப்பின் திரையை இங்கிருந்தே பிடித்துச் சரிசெய்வதும் நடக்கிறது. இன்ட்யூனில் அந்த ரிமோட் உதவி அடிப்படை லைசென்ஸில் சேராமல் தனியாகத்தான் நீண்ட காலம் விற்கப்பட்டது.

கவனிக்க வேண்டியவை இரண்டு. பதிப்புகள் பல, எந்த வசதி எதில் என்று கண்ணைக் கட்டும். கொட்டேஷன் வாங்கும்போது 'பிட்லாக்கர் நிர்வாகம், ரெக்கவரி கீ சேமிப்பு, மொபைல், லினக்ஸ் எல்லாம் இதே விலையில் அடக்கம்' என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை போதாது.

இரண்டாவது, சொந்த சர்வரில் நிறுவுவதா, அவர்களின் கிளவுடா என்பது. டேட்டா நம் கையில் இருக்கட்டும் என்று சர்வர் பக்கம் மனம் போகும். ஆனால் வெளியே இருக்கும் சாதனங்களை நிர்வகிக்க அந்த சர்வர் இணையத்துக்குத் திறந்திருக்க வேண்டும், அதை நாம்தான் உடனுக்குடன் அப்டேட் செய்ய வேண்டும். 2021 டிசம்பரில் டெஸ்க்டாப் சென்ட்ரலில் லாகின் சோதனையையே தாண்டிப் போகவிடும் ஓட்டை ஒன்று வெளியானது. அதைத் தாக்குபவர்கள் அக்டோபர் முதலே பயன்படுத்தி வந்ததாக எஃப்பிஐ எச்சரித்தது. அதே ஆண்டு ஜூலையில் கசேயா விஎஸ்ஏ என்ற நிர்வாக மென்பொருளின் ஓட்டை வழியாக, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் பரவி, ஆயிரம் வரையோ அதற்கு மேலோ சிறு நிறுவனங்கள் முடங்கின. எல்லாக் கணினிக்கும் சாவி இருக்கும் இடம் இது. இரவு இரண்டு மணிக்கு பேட்ச் வந்தால் போட ஆள் இல்லாத அலுவலகம் கிளவுடை எடுப்பதுதான் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்த மென்பொருளாக இருந்தாலும் அட்மின் லாகினுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லாமல் ஒரு நாள்கூட விடாதீர்கள்.

ஜாம்ஃப், அப்புறம் மற்றவை

மேக்குக்கு ஜாம்ஃப் போல ஒன்று இல்லை என்று மேக் பார்ப்பவர்கள் சொல்வார்கள், ஒத்துக்கொள்கிறேன். 2002 முதல் ஆப்பிளையே பார்த்துக்கொண்டிருக்கும் நிறுவனம். அலுவலகத்தில் பெரும்பாலும் மேக் என்றால் நானும் அதைத்தான் எடுப்பேன். எங்களிடம் 28-இல் ஒன்பதுதான் ஆப்பிள். அந்த ஒன்பதுக்கு ஒன்று, மற்றதுக்கு வேறொன்று என்று வைத்தால் இரண்டு திரை, இரண்டு புதுப்பிப்புத் தேதி, இரண்டு பில். தொலைந்த சாதனத்தைத் தேடும் பதற்றமான நேரத்தில் முதலில் எந்தத் திரையைத் திறப்பது என்று யோசிக்கக் கூடாது.

ஹெக்ஸ்நோட், புனேயின் ஸ்கேல்ஃப்யூஷன், பெங்களூரின் ஷ்யூர்எம்டிஎம் மூன்றும் நம் ஊர்ப்பக்கத்து நேரத்திலேயே போன் எடுத்துப் பேசக்கூடியவை. போன், டேப்லெட் நிறைய வைத்திருக்கும் டெலிவரி, கிடங்கு, கடை வேலைகளுக்கு, குறிப்பாக ஒரே செயலி மட்டும் திறக்கும்படி போனைப் பூட்டி வைக்கும் கியாஸ்க் வேலைக்கு, இவற்றை முதலில் பாருங்கள்.

கூகுள் வொர்க்ஸ்பேஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்காமல் விடுகிறார்கள். அடிப்படை மொபைல் நிர்வாகம் எல்லாத் திட்டத்திலும் இருக்கிறது. போனில் திரைப்பூட்டைக் கட்டாயமாக்கலாம், தொலைந்த போனிலிருந்து அலுவலகக் கணக்கை மட்டும் நீக்கலாம். ஆறு பேர், எல்லாருக்கும் சொந்த போன், இரண்டு லேப்டாப் என்றால், இதையும் கையால் என்க்ரிப்ட் செய்து ரெக்கவரி கீயைப் பாஸ்வேர்ட் மேனேஜரில் வைப்பதையும் ஒழுங்காகச் செய்தாலே போதும். மென்பொருள் வாங்க வேண்டாம்.

ஃப்ளீட்: உபுண்டு பையன்களின் தேர்வு

எங்கள் இரண்டு பையன்களும் ஃப்ளீட் என்றுதான் நின்றார்கள். ஃபேஸ்புக் 2014-இல் திறந்த மூலமாக வெளியிட்ட ஓஎஸ்குவெரியின் மேல் கட்டியது. ஒவ்வொரு கணினியையும் ஒரு டேட்டாபேஸ் அட்டவணைபோல நினைத்துக் கேள்வி கேட்கலாம். 'எந்தெந்தக் கணினியில் வட்டு என்க்ரிப்ட் ஆகவில்லை?' என்று ஒரு வரி எழுதினால் விண்டோஸ், மேக், உபுண்டு எல்லாவற்றிலிருந்தும் உடனே பதில் வருகிறது. உபுண்டுவை இரண்டாம் தரமாக நடத்தாத மென்பொருள் நான் பார்த்ததில் இதுதான். என்ன தகவல் எடுக்கிறது என்பதை மூலநிரலிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பதும் நியாயமான பெருமை.

இலவசப் பதிப்பைச் சொந்த சர்வரில் வைக்கலாம். ஆனால் மைஎஸ்க்யூஎல், ரெடிஸ் போன்ற டேட்டாபேஸ் மென்பொருள்களை ஓட்ட வேண்டும், பேக்கப் எடுக்க வேண்டும். தூரத்திலிருந்து பூட்டுவது, அழிப்பது, என்க்ரிப்ஷனைக் கட்டாயமாக்குவது போன்றவை கட்டணப் பதிப்பில்தான். மேசையில் ஒட்டிய நான்கில் இரண்டு அங்கேயே போய்விடுகின்றன. எட்டுப் பேரில் ஆறு பேர் நிரல் எழுதுபவர்கள் என்றால் இதை மனதார எடுக்கச் சொல்வேன். எங்களிடம் அந்தப் பையன்கள் இருவரும் வேலை மாறிப் போனால் சர்வர் என் தலையில் விழும்.

உபுண்டு பற்றி ஒன்று. எந்த மென்பொருள் வைத்தாலும், வட்டை என்க்ரிப்ட் செய்ய நிறுவும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு சேர்ப்பது நடைமுறையில் ஃபார்மட் செய்து மறுபடி நிறுவுவதற்குச் சமம். நாங்கள் இரண்டையும் ஒரே நாளில் அப்படித்தான் செய்தோம்.

'என் போட்டோ எல்லாம் பாப்பீங்களா தம்பி?'

கணக்குப் பிரிவில் இருக்கும் அக்கா கேட்டது இது. அவருடைய சொந்த போனில் அலுவலக மெயில் இருக்கிறது. இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் எந்த மென்பொருளையும் கொண்டுவரக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

வொர்க் ப்ரொஃபைல் முறையில் போட்டால் அலுவலகச் செயலிகள் தனி அறையில் இருக்கும், அவற்றின் படத்தில் ஒரு சின்னப் பெட்டி அடையாளம் தெரியும். அந்த அறையை நான் அழிக்கலாம். சொந்தப் பக்கத்துப் போட்டோ, வாட்ஸ்அப், எந்தச் செயலிகள் வைத்திருக்கிறார் என்பது எதுவும் எனக்குத் தெரியாது. முழு நிர்வாகம் என்பது வேறு. அதற்குப் போனை முதலில் முழுக்க அழித்துவிட்டுத் தொடங்க வேண்டும், அதன் பிறகு போன் முழுக்க அலுவலகத்தினுடையது. சைட் சூப்பர்வைசர்களின் ஆறு அலுவலக போன்களுக்கு அது சரி, அக்காவின் போனுக்குச் சரியில்லை. என் திரையை அக்காவிடமே காட்டினேன். சோதனைக்குச் சேர்த்திருந்த என் சொந்த போனின் பக்கத்தைத் திறந்து, என்ன தெரிகிறது என்று அவரே பார்த்தார். அதற்குப் பிறகு அவர்தான் மற்றவர்களுக்கு விளக்கிச் சொன்னார்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. போதிய பாதுகாப்பு எடுக்காமல் தரவு வெளியேறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அந்தப் பேருந்துப் பையில் இருந்த ஆதார் நகல்களை நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்குகிறது, அபராதத்துக்காக இல்லை. நம்பிக் கொடுத்தவர்கள் அவர்கள்.

வெளியேறும் வழி

வாங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது, நானும் கடைசியாகத்தான் கேட்டேன். ஆப்பிளில் பதிப்பு 26 முதல், பிசினஸ் மேனேஜரில் இருக்கும் சாதனத்தை அழிக்காமலே ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற முடிகிறது. முழு நிர்வாகத்தில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனை மாற்ற அழித்துத்தான் தொடங்க வேண்டும். விண்டோஸில் பழைய ஏஜென்டை எடுத்துப் புதியதை ஏற்றலாம். ஆனால் பழைய மென்பொருளை மூடும் முன் பிட்லாக்கர் கீகளை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஒரு நாள் நீலத்திரையில் 48 இலக்கம் கேட்டு நிற்கும். மூன்று ஆண்டு ஒப்பந்தம் போட்டால் தள்ளுபடி என்று எல்லாரும் சொல்வார்கள். முதல் ஆண்டு ஓர் ஆண்டுக்கே போடுங்கள்.

எடுத்த முடிவு

எண்ட்பாயிண்ட் சென்ட்ரலின் கிளவுட் பதிப்பை, மொபைலும் சேர்த்து எடுத்தோம். மேக்கில் ஜாம்ஃப் அளவுக்கு நுணுக்கம் இல்லை. விண்டோஸில் இன்ட்யூனின் கண்டிஷனல் ஆக்சஸ் இல்லாதது உண்மையான இழப்பு, அதை மறைக்க விரும்பவில்லை. ஐந்து தளங்களும் ஒரே பட்டியலில், வாரத்தில் பாதி நேரம் பார்க்கும் ஒருவன் கையாளும்படி இருப்பது எங்களுக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது. மெயில் மைக்ரோசாஃப்டில் இருந்திருந்தால் இதே நான் இன்ட்யூனைத்தான் எடுத்திருப்பேன்.

சோதனைக் காலம் 30 நாளில், விண்டோஸ், மேக், உபுண்டு, ஆண்ட்ராய்டு தலா ஒன்று வைத்து உண்மையாகவே தொலைத்துப் பார்த்தோம். ஒருவர் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு காந்திபுரத்தில் ஒரு காபிக்கடைக்குப் போய் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து உட்கார்ந்தார், நான் இங்கிருந்து பூட்டினேன். மேக் ஒரு நிமிடத்துக்குள் பூட்டிக்கொண்டது. பிறகு லேப்டாப்பை இணையமே இல்லாமல் திறக்கச் சொன்னோம். கட்டளை போய்ச் சேரவில்லை, எந்த மென்பொருளாக இருந்தாலும் அப்படித்தான். அந்த நேரத்தில் காப்பாற்றுவது வட்டின் என்க்ரிப்ஷன் மட்டுமே. அடுத்து, சேமித்து வைத்த ரெக்கவரி கீயை எடுத்து அதே லேப்டாப்பில் தட்டித் திறந்து பார்த்தோம். கீ இருக்கிறது என்று திரையில் தெரிவது வேறு, அது திறக்கிறது என்று கண்ணால் பார்ப்பது வேறு.

இணைக்கும் வரிசையில் என்னுடைய லேப்டாப் முதலில் போனது, அடுத்து மேடத்துடையது. சைட் போன்கள் ஆறும் ஞாயிற்றுக்கிழமை ஒரே மேசையில் வைத்து முடிந்தன. தள்ளுபடியில் வாங்கிய மூன்று மேக்குகளில் கடைசி ஒன்று இந்தச் சனிக்கிழமை.